பதினெட்டாம் மாடி ரயில் நிலையம்

1994ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை, கனடாவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் பதினெட்டாம் மாடிக்கு, சுவிற்சர்லாந்தின் மலைநகரம் ஒன்றின் ரயில் நிலையம் வந்து சேர்ந்தது. பணக்காரர் பனிச்சறுக்கு விளையாடப் போகிற நகரம் அது. மரக்கூரை, வட்டக் கடிகாரம், நீள வாங்குகள், சூடான சொக்கிளேற் விற்கிற சிறு கடை என்று ஒன்றும் குறையாமல் வந்தது. லிஃப்ற்றால் இறங்குகிறவர்கள் முதலில் பனி மூடிய பிளாட்போமில்தான் கால் வைக்க வேண்டும். பிறகு ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு அப்பால் கனடாவும் வீட்டுக் கதவுகளும். கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பிரின்ரன்டன் வந்து பார்த்து, பனி கோட்டைத் தாண்டினால் மட்டும் தனக்குச் சொல்லும்படி கூறிவிட்டு இறங்கிப் போனார். லிஃப்ற் பழுதான நாட்களிலும் ரயில் நேரத்துக்கு வந்தது.

அந்த மாடியில் குடியிருந்த குலசிங்கம் யாழ்ப்பாணத்தில் இருபத்தெட்டு வருடம் தபால் அதிபராக இருந்தவர்; கனடாவிலும் கோட்டுச் சூட்டுப் போடாமல் உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் போனதில்லை. நிலையத்தால் அவருக்கு வந்த இடைஞ்சல் வேறு. அதில் பனி தள்ளிக்கொண்டு நின்றவன் அவருடைய மகன் ஜனார்த்தனன். அவன் சுவிஸில் ஸ்டேஷன் மாஸ்டர் என்று சொல்லித்தான் மகள் சந்திரவதனாவுக்கு மார்க்கம் என்கிற பக்கத்து நகரத்தில் மாப்பிளை பேசி முடித்திருந்தார். கலியாணத்துக்கு இன்னும் பதினேழு நாள். அதுவும் அதே மாடியில் உள்ள பொது மண்டபத்தில்.

பொய் சொல்லுகிற குடும்பம் அல்ல அது. மகனின் முதற் கடிதத்தில் ஸ்டேஷனில் வேலை என்று இருந்தது. மிச்சத்தைக் குடும்பத்தின் தகுதிக்கு ஏற்றபடி குலசிங்கம் நிரப்பிக்கொண்டார், அவ்வளவுதான்.

அத்தனை நாளும் அவர் முதுகு வளையாமல், அறியாத ஆளைக் கடப்பதுபோல மகனைக் கடந்து போனார். ஒரே ஒருமுறை, ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, கலியாணத்தன்று ஸ்டேஷன் மாஸ்டரின் தொப்பியை ஒரு மணித்தியாலம் இரவல் வாங்கிப் போடும்படி கேட்டார்.

"இஞ்ச ஸ்டேஷன் மாஸ்டர் எண்டு ஒருத்தரும் இல்லை, அப்பா," என்றான் ஜனார்த்தனன். "எல்லாம் மெசின். ஆள் எண்டு நிக்கிறது நான் மட்டும்தான்."

தாய் பரிமளம் தொப்பியைப் பற்றிக் கவலைப்படவில்லை. மூன்று நேரமும் சாப்பாட்டைக் கோட்டுக்கு மேலால் நீட்டினாள். அவன் கோட்டைத் தாண்டவில்லை. அவனிடம் இருந்தது சுவிஸ் அகதி அட்டை. கனடா விசா இல்லை. அகதி வழக்கு முடியாதவர்கள் நிறைந்த அந்த மாடியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாப்பிளையின் காலைக் கழுவி அழைத்து வர வேண்டியவன் பெண்ணின் சகோதரன். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சம்பந்தி வீட்டுக்குச் சொல்லிவிட்டு, பிறம்ரனில் லொறி ஓட்டுகிற பெறாமகனை, தன் அண்ணனின் மகனை, குலசிங்கம் பிடித்து வைத்தார்.

கலியாணத்தன்று விடிந்ததிலிருந்து பிளாட்போமில் பனி கொட்டியது. மாப்பிளை வீட்டார் லிஃப்ற்றால் இறங்கியபோது, வாசலிலிருந்து மஞ்சள் கோடு வரை அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஒரு பாதை வெட்டியிருந்தது. ஓரங்கள் சுவர்போலத் தட்டி, உப்புப் போட்டு, மாப்பிளை இருக்க ஒரு வாங்கும் துடைத்திருந்தது. வெட்டியவன் தகப்பனின் மானத்துக்காக, பனி தள்ளுகிற சவளோடு தூணுக்குப் பின்னால் ஒளித்து நின்றான்.

பெறாமகன் சுடுதண்ணீர்ச் செம்போடு குனிந்தான். குலசிங்கம் பாதையைப் பார்த்தார். இவ்வளவு நேர்த்தியான வேலை தன் வீட்டுப் பேரில் சேராமல் போவதை அவரால் பொறுக்க முடியவில்லை. செம்பைப் பறித்துக்கொண்டார்.

"தம்பி, சவளை வைச்சிட்டு வா. மாப்பிளை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு எவ்வளவு நேரம் இருக்கிறது? வந்து கழுவு."

மாப்பிளையின் தாய் குணவதி, தூணுக்குப் பின்னாலிருந்து வந்தவனை மேலும் கீழும் பார்த்தாள். "உவரோ ஸ்டேஷன் மாஸ்டர்?"

"இல்லை. பனி தள்ளுறவன். என்ர மகன்."

ஒரு ரயில் வந்து, சறுக்குப் பலகைக்காரரை இறக்கிவிட்டுப் போனது. குணவதி பாதையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் சேலைக் கரையைப் பார்த்தாள். ஒரு துளி ஈரமில்லை.

"மார்க்கத்தில எங்கட வாசலை என்ர மகன் ஒருநாளும் உப்பிடித் தள்ளினதில்லை," என்றாள். "தண்ணி ஆறமுதல் கழுவச் சொல்லுங்கோ."

கால் கழுவியவனுக்கு வழக்கப்படி மாப்பிளை மோதிரம் போட, முதலில் கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது. கோடு வரை மாப்பிளையைக் கைபிடித்து அழைத்து வந்து, ஜனார்த்தனன் அங்கேயே நின்றான். மண்டபக் கதவைத் திறந்து வைத்தார்கள். தாலி கட்டுவதை நின்ற இடத்திலிருந்தே பார்த்தான். பக்கத்தில் குலசிங்கம், வருகிறவர்களை ஒவ்வொருவராக மறித்து, பாதை வெட்டியது யார் என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

பிறகு வந்த வருடங்களில், அந்த மாடியில் கலியாணம் வைத்தவர்களுக்கு ஐயர் பஞ்சாங்கத்தோடு ரயில் நேர அட்டவணையையும் விரித்து வைத்தே முகூர்த்தம் சொன்னார்.