இரண்டாம் தட்டு

சனிக்கிழமை மதியம் நான் சட்டை மாற்றினால் போதும், "தூசி தட்டக் கிளம்பியாச்சா?" என்பாள் என் மனைவி. வீட்டு அலமாரியைத் துடைக்கச் சொன்னால் எனக்கு முதுகுவலி வந்துவிடும். பழைய இசைத்தட்டுக் கடையில் மட்டும் பொழுது சாயும்வரை குனிந்தே நிற்பேன். இதை அவள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லட்டும், பொய்யில்லையே.

அந்தச் சுகத்தை அனுபவிக்காதவர்களிடம் விளக்கிப் புண்ணியமில்லை. மரப்பெட்டிகளில் தட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஓர் உறையைத் தள்ளினால் அடுத்தது முகம் காட்டும். முக்கால்வாசி குப்பை. விரல்நுனி கறுத்துப் போகும், தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிடும். இன்றைக்கு ஒன்றும் தேறாது என்று நினைக்கும்போதுதான் ஓர் உறையில் கை நின்றுவிடும். நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும். ஆனால் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் பெட்டியில் நிற்கிறவன் மோப்பம் பிடித்துவிடுவான். பிறகு தட்டை விளிம்பில் பிடித்து உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்க்க வேண்டும். நான் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிறவன். கீறல் பார்த்தே பிழைக்கிறேன்.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் இல்லை, அக்காவுக்கும் உண்டு. அப்பாவிடமிருந்து இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது. அக்கா தபால் பிரிக்கும் வேலையில் இருந்தாள். அவள் விரல் வேகம் எந்தக் கடையிலும் யாருக்கும் கிடையாது. நான் வலப்பக்கப் பெட்டி, அவள் இடப்பக்கம். நான் பாதி தாண்டுவதற்குள் அவள் தன் பெட்டியை முடித்துவிட்டு என்னிடம் வந்து, நான் தள்ளிவிட்டவற்றிலிருந்து ஒன்றை உருவுவாள்.

"இதை எப்படிடா விட்டே? கண்ணாடிக்கடைக்காரனுக்கே கண்ணாடி போடணும் போலிருக்கே."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அன்று சாயங்காலம் அவள் வீட்டில் அதைப் போட்டுக் கேட்கும்போது கோபம் இருந்த இடம் தெரியாது. அவள் காது அப்படி. ஊசி விழுந்ததும் ஒரு கரகரப்பு வருமே, பாட்டு தொடங்குவதற்கு முன்னால்? அதை அடுத்த அறையிலிருந்து கேட்டே இன்ன தட்டு என்று சொல்லிவிடுவாள்.

அப்பா போன பிறகு அவருடைய தட்டுகளைப் பிரித்தோம். உனக்கொன்று, எனக்கொன்று என்று வரிசையாக எடுத்தபோது சண்டை இல்லை, சிரிப்புதான். கடைசியில் அந்த வயலின் கச்சேரி வந்தது. இரண்டு தட்டு சேர்ந்த ஒரே கச்சேரி. பெட்டி எப்போதோ உடைந்துபோய், இரண்டும் தனித்தனி உறையில் இருந்தன. அக்கா முதல் தட்டை எடுத்தாள். அடுத்த முறை என்னுடையது, நான் இரண்டாவதை எடுத்தேன்.

"இது ரெண்டும் ஒண்ணுதான். வை கீழ" என்றாள்.

"தட்டு ரெண்டு, முறையும் ரெண்டு. நீ வை."

அவள் அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது யார் என்று ஆரம்பித்தாள். நான் மருந்துச் சீட்டு யார் பையில் இருந்தது என்று ஆரம்பித்தேன். தட்டில் தொடங்கியது எங்கெங்கோ போயிற்று. இரண்டு பேரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், விட்டுக்கொடுப்போமா? ஒன்பது வருஷம் பேசவில்லை.

கடைகளையும் பிரித்துக்கொண்டோம். யாரும் சொல்லாமலே அது நடந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கக் கடைகள் அவளுடையவை, இந்தப் பக்கம் என்னுடையவை. எல்லை தாண்டியதில்லை. தப்பித்தவறிக்கூட எதிரெதிரே பார்த்துக்கொள்ளவில்லை.

என்னிடம் இருந்த தட்டு நடுவில் தொடங்கும். ஊசி வைத்ததும் வயலின் உச்சத்தில் நிற்கும், எப்படி அங்கே ஏறியது என்று தெரியாது. முதல் தட்டின் இன்னொரு பிரதிக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் பெட்டி பெட்டியாகக் கிளறினேன். நான் வழக்கமாகப் போகும் கடைக்காரருக்கு வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர் டாக்டர். கழுத்தில் டார்ச் விளக்கைத் தொங்கவிட்டு ஒவ்வொரு தட்டையும் பரிசோதிப்பார்.

"பாதிக் கச்சேரிய யாருங்க கொண்டு வந்து குடுப்பாங்க?" என்று சிரிப்பார். "வச்சிருக்கறவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்கறது தானே?"

கேட்கலாம். ஒரு போன் போதும். ஆனால் யார் முதலில் செய்வது? நல்ல தட்டு கிடைக்கும்போதெல்லாம் அது மனதை அறுக்கும். கையில் பொக்கிஷத்தை வைத்துக்கொண்டு, காட்ட ஆளில்லாமல் பஸ்ஸில் வீட்டுக்கு வருவேன். மனைவியிடம் காட்டினால் "நல்லாருக்கு, கைய கழுவுங்க" என்பாள்.

போன சனிக்கிழமை கடைவாசலில் புதிதாக இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. அடுக்காமல் அப்படியே கிடந்தன. இதைவிடப் பெரிய சந்தோஷம் எங்கள் கூட்டத்துக்குக் கிடையாது. யார் கையும் படாத பெட்டி. குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். எடுத்ததெல்லாம் தங்கம். யாரோ ரசித்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே புரட்டினேன். ஏழெட்டு தள்ளியதும் வயலின் கச்சேரி வந்தது. முதல் தட்டு.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது வெறும் ஆனந்தம். கத்தக்கூட வாய் திறந்துவிட்டேன். அப்புறம்தான் உறையின் மூலையைப் பார்த்தேன். கிழிந்த மூலை நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது. பள்ளிக்கூடம் போகும் வயதில் அக்கா அதைக் கிழித்துவிட்டு, அப்பா பார்ப்பதற்குள் அவசரமாகத் தைத்த தையல்.

அக்கா இதை விற்கமாட்டாள். உயிர் இருக்கிறவரை விற்கமாட்டாள். அப்படியானால்?

"டாக்டர், இது யாரு குடுத்தது?"

"காலைல ஒரு தம்பி வந்தாரு. அம்மாவோடதாம். வீட்டக் காலி பண்றாங்களாம்."

"அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டீங்களா?"

அவர் டார்ச்சை அணைத்தார். "பெரியவங்க சேத்து வச்சத பிள்ளைங்க தூக்கிட்டு வந்தா நான் எதுவும் கேக்கறதில்லைங்க. என்னன்னு கேக்கறது?"

தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். பாலத்தில் பஸ் ஊர்ந்தது. எனக்கு யாரும் சொல்லியனுப்பவில்லையா? சொல்லியனுப்புகிற உறவாக நான்தான் நடந்துகொண்டேனா? மடியில் இருந்த உறைமேல் கண்ணீர் விழுந்துவிடப் போகிறதே என்று அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னைத் திருடன் என்றே முடிவு செய்திருப்பார்.

அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் செருப்புகளைத்தான் முதலில் பார்த்தேன். அக்கா காலை ஒருபக்கமாக அழுத்தி நடப்பாள், அவள் செருப்பு எப்போதும் ஒரு ஓரமாகவே தேயும். அப்படித் தேய்ந்த ஒரு ஜோடி கிடந்தது. போன உயிர் திரும்பி வந்தது. உயிரோடு கோபமும் சேர்ந்தே வந்தது. நல்லா இருந்துகொண்டா விற்றாள்?

உள்ளே சுவரெல்லாம் வெறுமையாக இருந்தது. அக்கா எனக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து, துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது.

"அக்கா."

அவள் திரும்பவில்லை. இன்னொரு துணியை எடுத்து உதறினாள்.

"அக்கா, நான்தான்."

மடிப்பை நீவிவிட்டாளே தவிர அசையவில்லை.

"இன்னும் உனக்கு ஆத்திரம் தீரலையா? சரி, திரும்பாத. அப்படியே கேளு." பஸ்ஸில் சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. "ரெண்டாவது தட்டும் உன்னுதுதான். நாளைக்கே கொண்டு வந்து குடுத்துடறேன். நீ இல்லாம கடைக்குப் போனா எனக்குக் கையே ஓடலக்கா. நல்லதா ஒண்ணு கெடச்சா யார்கிட்ட காட்டறதுன்னு தெரியல. நீ என்னைத் திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. பேசாம மட்டும் இருக்காத. செத்துட்டியோன்னு பயந்துட்டேன்."

அவள் மடித்ததை அடுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"மாமா?"

உள்ளிருந்து அக்கா மகன் வந்தான், கையில் ஒட்டுநாடாச் சுருளோடு. கடைசியாகப் பார்த்தபோது மீசை இல்லை. என் கன்னத்தையும் அக்காவின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அம்மாவுக்குக் கேக்காது மாமா. ரெண்டு வருஷமா சுத்தமா கேக்கல. மிஷின் வச்சும் பிரயோஜனமில்லை." குரலைத் தாழ்த்திக்கொண்டான், தாழ்த்த வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. பரிதாபப்பட்டுத்தான் வருவான்னா வரவே வேணாம்னாங்க."

"தட்டெல்லாம்...?"

"அவங்களேதான் எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. காது கேக்கறவங்க கைக்குப் போகட்டும்னு. அவங்க சொன்ன கடை பூட்டியிருந்துது, அதான் பாலம் தாண்டிப் போனேன்."

ஒன்பது வருஷத்தில் ஏழு வருஷம் அவளுக்குக் காது கேட்டிருக்கிறது. அந்த ஏழு வருஷமும் எங்கள் வீட்டு போன் ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

மருமகன் போய் அவள் தோளைத் தொட்டு என் பக்கம் காட்டினான். அக்கா திரும்பினாள். கையில் பாதி மடித்த துணி. என்னைப் பார்த்தாள், நனைந்த என் முகத்தைப் பார்த்தாள். எழுந்திருக்க முயன்று, முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். பேசியபோது குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது, ஏற்ற இறக்கம் இல்லாமல், வேறு யாருடைய குரலோ போல.

"எவ்வளவு நேரமாடா அங்கயே நிக்கறே? வந்தவன் ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"குடுத்தேன்க்கா" என்றேன்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.