தோற்க வேண்டிய சோதனை

படூரில் எங்கள் அலுவலகம் கல்யாண மண்டபங்களை முன்பதிவு செய்கிற மென்பொருளை எழுதி முடித்திருந்தது. அதில் ஒரு கோளாறை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம், இரண்டு குடும்பங்களுக்கும் ‘உறுதி’ என்று போய்விட்டது. மறுபடி ஓட்டிக் காட்டினால் ஒன்றும் தெரியாத பிள்ளையாக நடந்துகொள்கிறது! டீம் லீடர் ஜானகிராமன் சாருக்குச் சிரிப்பு.

"அஃப்ஷீன், சாயங்காலம் இது செங்கல்பட்டு மண்டபத்துக்காரங்களுக்குப் போகுது. அதுக்குள்ள காட்டு, நம்புறேன்."

காட்டாவிட்டால் இரண்டு மாப்பிள்ளைகள் ஒரே மேடையில் ஏறுவார்கள். நான் கதை கட்டுகிறவள் என்று பெயர் வாங்குவேன். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

மென்பொருளுக்குள்ளே முன்பதிவு கேட்கிற ஆளுக்கொரு த்ரெட், அதாவது தனி ஓட்டம்; எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று "காலியா?" என்று கேட்டுப் பெயரை எழுதுவதற்குள் இன்னொன்றும் கேட்டுவிட்டால் தீர்ந்தது. உளவு பார்க்க ஒரு வரி சேர்த்தேன், அதனால் ஓட்டம் துளி தாமதப்பட்டு கோளாறு ஒளிந்துகொண்டது. வரியை எடுத்தேன், எப்போதாவது எட்டிப் பார்த்தது. இரு, உன்னை வைத்துக்கொள்கிறேன் என்று, ஒரு சோதனை எழுதி, கேட்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் ஒரு கதவை வைத்தேன். இரண்டு த்ரெட்டும் வந்து நின்றால்தான் கதவு திறக்கும்.

ஓட்டினேன். இரண்டு பேருக்கும் ‘உறுதி’! சோதனை தோற்றது, திரையில் சிவப்பு! மறுபடியும் சிவப்பு! நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்தேன்.

"டெஸ்ட் ஃபெயிலாயிக்கீது, இன்னாத்துக்கு டான்ஸ் ஆடிகினு கீற?" என்றான் பக்கத்து சீட்டு விஷால்.

"ஃபெயிலானதுக்குத்தான்டா!"

சார் சிவப்பைப் பார்த்துவிட்டு என் கணினிக்கு வந்தார். உட்கார்ந்து ஒரு பூட்டுப் போட்டார்: ஒருவர் கேட்டு எழுதி முடிக்கும்வரை இன்னொருவர் உள்ளே வரக்கூடாது. மறுபடி ஓட்டினோம். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. திரை அப்படியே நின்றது.

"பூட்டு போட்டா தொங்கிடுது. பழசையே அனுப்பிடுவோம்" என்று சார் மவுஸை எடுத்தார். நான் வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன், டீம் லீடர் கையிலிருந்து!

"சார், தொங்கினா நல்லது சார்! முதல் ஆள் என் கதவுகிட்ட ரெண்டாவது ஆளுக்காகக் காத்துட்டிருக்கான். அந்த ரெண்டாவது ஆள் உங்க பூட்டுக்கு வெளிய நிக்கிறான். உள்ள வரவே முடியல!"

கதவுக்குக் கெடு வைத்தேன். துணை வராவிட்டால் முதல் ஆள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம். ஓட்டினேன். ஒருவருக்கு மண்டபம், இன்னொருவருக்குக் கைவிரிப்பு. பச்சை! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறே வலித்தது.

என் கதவைக் கழற்றிவிட்டு, பூட்டுப் போட்ட மென்பொருள் செங்கல்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சார் தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"வேற எங்கெல்லாம் உனக்கு சந்தேகம்?"

"டீ குடிச்சிட்டு வந்துடுங்க சார்" என்றேன். "நிறைய இருக்கு."