முப்பத்தாறாவது ஆள்

ஏதென்ஸிலிருந்து வந்த விமானக் கம்பெனி ஆள் லிகோர்கோஸ், எங்கள் குட்டி விமான நிலையத்தில் என் மேசையில் ஒரு தாளை வைத்து, "கையெழுத்துப் போடுங்கம்மா" என்றபோது, முத்திரைக் கட்டையால் அவன் மண்டையில் ஒன்று போடலாமா என்றிருந்தது. போடவில்லை. தாளைப் படித்தேன். தினமும் காலையும் மாலையும் எங்கள் தீவுக்கு வரும் விமானம், அடுத்த மாதம் முதல் திங்களும் வெள்ளியும் மட்டும்தானாம்.

என் புருஷன் மினாஸுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி காலையில் ரோட்ஸ் தீவு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு சாயங்காலம் திரும்புவார். புதன்கிழமை விமானம் நின்றுபோனால் அவர் உயிரும் போய்விடும். இல்லாவிட்டால் ரோட்ஸில் எவன் வீட்டு மாடியறையிலோ தனியாகக் கிடக்க வேண்டும். அன்றைக்கும் புதன்கிழமைதான். மினாஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இந்தக் கம்பெனி இரண்டே இரண்டு பழைய விமானங்களோடு தொடங்கிய காலத்தில் முதலாளியே இங்கே வந்து பெட்டி இறக்கினார். அன்றைக்கு அவர்களுக்குச் சோறு போட்டது எங்களைப் போன்ற தீவுகள்தான். இன்று லண்டன், பாரிஸ் என்று ஜெட் விடுகிறார்கள். நாங்கள் கசந்துவிட்டோம்.

"ஆளே இல்லையேம்மா. முப்பத்தேழு சீட்டு. மூணு வருஷத்துல ஒரு தடவைகூட இருபத்தெட்டு பேரைத் தாண்டல" என்றான் லிகோர்கோஸ்.

"எப்படித் தம்பி தாண்டும்? உங்க கம்ப்யூட்டர் இருபத்தெட்டுலயே கதவைச் சாத்திடுதே."

எங்கள் ஓடுதளம் குட்டையானது. கனம் கூடினால் விமானம் எழும்பாது. அதனால் கம்ப்யூட்டர் ஆளுக்கு எண்பத்துநாலு கிலோ என்று போட்டு, இருபத்தெட்டு பேரோடு நிறுத்திக்கொள்ளும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு ஐந்தாவது வாரம் ஓடுகிறது, ஊரே எண்ணெய் இல்லாத பீன்ஸைத் தின்று வற்றிக் கிடக்கிறது. இதில் ஆளுக்கு எண்பத்துநாலு கிலோவாம். டிக்கெட் கிடைக்காத ஏழு பேர் அன்று காலையும் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள்.

காபி குடிக்க உள்ளே வந்த கேப்டன் ஆர்கிரிஸைப் பிடித்துக்கொண்டேன்.

"கேப்டன், பயணிகளை நிஜமா எடை போட்டு ஏத்தலாம்னு கம்பெனிப் புத்தகத்துல இருக்கா, இல்லையா?"

"இருக்கு. யாரும் செய்யறதில்ல."

"நான் செஞ்சா கையெழுத்துப் போடுவீங்களா?"

அவர் கோப்பையை நிதானமாகக் காலி செய்தார். "நானும் பக்கத்துல நின்னு பார்ப்பேன் செவஸ்தி. ஒரு கிலோ கூடினாலும் ஆளை இறக்கிடுவேன்."

"மேலிடத்துல கேக்காம செய்யக் கூடாது. உங்க வேலை போயிடும்" என்றான் லிகோர்கோஸ்.

"போகட்டும். இங்க டிக்கெட் கிழிக்கறதும் நான்தான், பெட்டி ஏத்தறதும் நான்தான், ஓடுதளத்துல ஆடு வந்தா விரட்டறதும் நான்தான். மூணு வேலையில எது போகுதுன்னு அவங்களையே கேட்டுச் சொல்லுங்க. ஃபோன் அங்க இருக்கு."

பெட்டி நிறுக்கும் தராசில் ஒவ்வொருவராக ஏற்றினேன். முதலில் வந்த ஃபோத்தினி, காலை வைக்காமலே சண்டைக்கு நின்றாள்.

"ஏண்டி, ஊர் பார்க்க என் எடையைப் படிக்கப் போறியா?"

"படிக்க மாட்டேன். எழுதத்தான் போறேன். ஏறு."

என் தலைத்துணியை அவிழ்த்து, எனக்கும் கேப்டனுக்கும் மட்டும் எண் தெரியும்படி மறைப்புக் கட்டினேன். அதன் பிறகு வரிசை மளமளவென்று நகர்ந்தது. கண் பரிசோதனைக்குப் போகும் ஐந்து பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள், தராசு அசைந்ததா என்றே சந்தேகம். எங்கள் பாதிரியார் ஏறியபோது அது முனகியது.

"ஃபாதர், நோன்பு உங்களை மட்டும் கண்டுக்கவே இல்லையே" என்றாள் ஃபோத்தினி.

"பீன்ஸும் ஒட்டற உடம்புல ஒட்டும், மகளே" என்று அவர் பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதையும் சேர்த்துத்தான் எழுதினேன்.

பிறகு மினாஸ். ஐம்பத்தொன்பது. கல்யாணத்தன்று என்னைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிய மனிதர். எண்ணை எழுத இரண்டு முறை பேனாவை எடுக்க வேண்டியிருந்தது.

"நோயிலயும் ஒரு லாபம் பார்த்தியா. என் பங்குல ஒரு பிள்ளையை ஏத்திக்கோ" என்றார்.

காத்திருந்த ஏழு பேரும் சேர்ந்து முப்பத்தைந்து பேர். கேப்டன் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். இன்னும் முப்பத்தொரு கிலோதான் ஏற்றலாம் என்றார்.

அப்போதுதான் லிகோர்கோஸ் தன் பையோடு வந்து தராசில் ஏறினான். தொண்ணூற்றேழு.

"இறங்குங்க தம்பி."

"ரெண்டு சீட்டு காலியா இருக்கேம்மா."

"சீட்டு இருக்கு. எடைக்கு இடமில்ல. நாங்க மூணு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கற பதில்தான்."

"நான் கம்பெனி ஆளு."

"அதான் சொல்றேன். கம்பெனி பாஸ்ல வந்தவங்க இடமிருந்தாத்தான் ஏறலாம். உங்க விதிதான் அது."

"ரோட்ஸ்ல விமானம் மாறி, ரெண்டு மணிக்கு ஏதென்ஸ்ல ஒரு மீட்டிங்குக்குப் போகணும்."

"எதைப் பத்தி?"

அவன் பையோடு தராசிலிருந்து இறங்கினான். கேப்டன் என் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்.

நானே படியை இழுத்தேன், நானே கையசைத்து வழிவிட்டேன். விமானம் ஓடி, தளம் முடியும் முன்பே எழுந்து கடல் மேல் திரும்பியது. மினாஸ் மூன்றாவது ஜன்னலில் இருந்தார்.

உள்ளே வந்து அன்றைய படிவத்தை எடுத்தேன். இடமின்றி விடப்பட்டவர்கள் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பியவர்களை யாரும் சேர்ப்பதில்லை, அதனால் மூன்று வருடமாக அங்கே பூஜ்யம்தான். பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று என்று எழுதி, பக்கத்தில் அவன் பெயரைப் போட்டு, அவன் பக்கம் நகர்த்தினேன்.

"கையெழுத்துப் போடுங்க தம்பி."

அவன் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் படித்தான். பிறகு போட்டான்.

"அடுத்த விமானம் எப்போம்மா?"

"இன்னிக்கு சாயங்காலம். உங்க தாள்படி பார்த்தா, வெள்ளிக்கிழமை."