எது வலக்காலுக்கு?

"உலகத்திலே தேய்ந்துபோன முழங்கால்களுக்கெல்லாம் விடிவைக் கொடுக்கவென்றே ஒரு பிள்ளையைப் பெற்றெடுத்த மணிவயிறு இன்று ஓய்ந்துவிட்டது!" என்று இளைப்பாறிய தபாலதிபர் ஆழ்வாப்பிள்ளை ஒலிவாங்கியில் முழங்கிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் மூன்று பேர் அந்த மணிவயிற்றுக்காரியின் முழங்கால்களைப் பெட்டிக்குள் அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவை அமரவில்லை.

சண்டை தொடங்கிக் கொக்குவிலில் கரண்ட் நின்று வருசக்கணக்காகிவிட்டது. ஒலிபெருக்கி ஒரு பழைய மொறிஸ் மைனரின் பற்றரியில் உயிர்வாழ்ந்துகொண்டிருந்தது. காரின் சொந்தக்காரர் தூணோடு நின்று, பேச்சு நீள நீளத் தன் பற்றரிக்காகத் துக்கப்பட்டார்.

"இந்த நேரம் இங்கிலாந்திலே, ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டு, என் மருமகன் கலாநிதி சிவசுப்பிரமணியம் கண்ணீரும் கம்பலையுமாக..."

அருமைநாயகி உள்ளே தாயின் சீலைகளை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். தம்பிக்குச் செய்தி போகவில்லை. போவதற்கு வழியுமில்லை. செஞ்சிலுவைக்காரரிடம் கொடுத்த துண்டு கொழும்புக்குப் போய்ச் சேரவே கிழமைகள் பிடிக்கும். மாமாவுக்கும் அது தெரியும். அவர்தான் தபாலதிபர்.

யன்னலால் பார்த்தாள். பெட்டிக்காரர் சீவரத்தினம் அம்மாவின் வலது முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

அவள் முற்றத்துக்கு எப்படி வந்தாளென்று அவளுக்கே தெரியாது.

"கையை எடுங்கோ."

"மூடி மூடவேணுமெல்லோ, பிள்ளை," என்றார் சீவரத்தினம். "கொஞ்சம் பலமா அமத்தினா..."

"அமத்தினா?"

"முறியும்." பொய் சொல்லப் பழகாத மனிதர்.

அம்மா இரத்தினம்மாவின் கால்கள் மடங்கியே இறுகிப்போய் இரண்டு வருசம். பகலில் கதிரை, இரவில் முழங்காலின் கீழ் தலையணை. கிணற்றடிக்குப் போவதென்றால் சீமெந்து நிலத்தில் உரப்பையை விரித்து, அதில் தாயை இருத்தி, அருமைநாயகி இழுத்துக்கொண்டு போவாள். முதலில் சணல் சாக்கில்தான் இழுத்தாள். அது நிலத்தைப் பிடித்துக்கொண்டது. உரப்பை வழுக்கிக்கொண்டு வரும். "தேர் வருது, வழி விடுங்கோ," என்று அம்மா சிரிப்பாள். திரும்பி வரும்போது சிரிக்க மாட்டாள். கால் நோவு.

தம்பி சிவம் ஆய்வுகூடத்தில் செய்வதும் வழுக்குகிற சாமான்தான். மூட்டுக்குள் எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்கிற சவ்வு தேய்ந்துபோனால், அதற்குப் பதிலாக வைக்க ஒரு கூழ், முக்கால்வாசி தண்ணீர். அவனோடு வேலை செய்கிற அடைக்கலநாதன் ஊருக்கு வந்தபோது, ஒரு போத்தல் தண்ணீருக்குள் இரண்டு வில்லைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். நுங்குபோலத் தெளிந்து, தொட்டால் கையில் நில்லாத வில்லைகள்.

"எது வலக்காலுக்கு, எது இடக்காலுக்குத் தம்பி?" என்று அம்மா கேட்டாள்.

அடைக்கலநாதன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். "உது சும்மா பாக்கிறதுக்கு அம்மா. மனிசருக்கு இன்னும் போடுறேல்லை. மெசினிலை வைச்சு உரசிப் பாக்கிறம். நல்லா வழுக்குது. ஆனா பாரம் ஏத்தினாக் கிழிஞ்சுபோகுது."

"என்ரை பிள்ளை பாரம் தாங்கப் பண்ணுவான்," என்றாள் அம்மா.

ஒன்றை ஆழ்வாப்பிள்ளை வாசிகசாலையின் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவென்று வாங்கிக்கொண்டு போனார். மற்றது ஓர்லிக்ஸ் போத்தலுக்குள் இருந்தது. நாள்தோறும் அதற்குத் தண்ணீர் மாற்றச் சொன்னாள் அம்மா. அம்மாவின் நோவுக்குப் பனடோல் வாங்கக் கியூவில் நின்று வெறுங்கையோடு வருகிற நாளிலும் அருமைநாயகி தண்ணீர் மாற்றினாள்.

"பிள்ளை, சனம் பாக்குது," என்றார் ஆழ்வாப்பிள்ளை. ஒலிவாங்கியைக் கையால் பொத்தித்தான் சொன்னார். ஆனாலும் அது ஒழுங்கை முடக்கு வரைக்கும் கேட்டது.

"பாக்கட்டும், மாமா. என்ன செய்யிறியள் எண்டு பாக்கட்டும்."

"செத்த உடம்பு. இனி நோகாது."

"உயிரோடை இருக்கேக்கை நொந்தது. அப்ப எங்கை போனனீங்கள்? ஒருநாள் வந்து அந்தக் காலைப் பிடிச்சு விட்டனீங்களோ?"

"சரிச்சுக் கிடத்தினா என்ன?" என்றார் யாரோ.

"அகலம் காணாது," என்றார் சீவரத்தினம்.

"அப்ப மூடியில்லாமல் கொண்டுபோங்கோ," என்றாள் அவள்.

ஆழ்வாப்பிள்ளையின் முகம் அப்போதுதான் உண்மையாகத் துக்கப்பட்டது. மூடி அவருடைய யோசனை. ஊரில் ஒருவரும் செய்யாத புதுமை. காலையிலிருந்து பக்கத்தில் நின்று, கறுப்பு மூடியில் பொன்னிறத்தில் எழுத்து எழுதுவித்திருந்தார். அது வெயிலில் காய்ந்து மினுங்கிக்கொண்டு கிடந்தது.

"மூடி இல்லாமலோ? சிவம் படிச்ச கல்லூரி ஆக்களெல்லாம் சந்தியிலை நிக்கினம். நாளைக்கு அவனுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

"அவனுக்கு அம்மா செத்ததே தெரியாது!"

இதுவும் ஒலிபெருக்கியில் போயிற்று. கண்ணீரும் கம்பலையுமான மகனுக்காகக் கண்ணைத் துடைத்தவர்கள் சால்வையை மெல்லத் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

ஆழ்வாப்பிள்ளை தளரவில்லை. சட்டைப் பையிலிருந்து கடதாசிப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்து, சனத்துக்கு உயர்த்திக் காட்டினார்.

"ஆத்திரத்தில் பிள்ளை கதைக்கிறாள். இதோ! உலகமே வியக்கும் எங்கள் ஊரின் கண்டுபிடிப்பு!"

அவருடைய விரல்களுக்கு நடுவே மஞ்சள் பூத்த, சுருங்கிய, சேட்டுப் பொத்தான் அளவான ஒன்று இருந்தது. வாசிகசாலையில் அதற்குத் தண்ணீர் வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்வரிசைக் கிழவர் வாங்கி, நகத்தால் தட்டிப் பார்த்தார். 'டிக்' என்றது.

"இதையோ முழங்காலுக்கை வைக்கிறது?" என்றார்.

"தண்ணியிலை கிடந்தா வழுக்கும்," என்றாள் அருமைநாயகி. "வழுக்க மட்டும்தான் செய்யும். பாரம் தாங்காதாம். கொண்டுவந்த ஆளே சொன்னவர்."

பந்தலுக்குள் ஒருவர் சிரித்து, பாதியில் அதை இருமலாக்கினார். ஆழ்வாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பற்றரி இறந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கார்க்காரர் பெருமூச்சு விட்டார்.

அவள் உள்ளே போய் ஓர்லிக்ஸ் போத்தலோடு வந்தாள். மாமா தடுக்கவில்லை, இனிச் சண்டையை வெறும் தொண்டையால் பிடிக்கவேண்டும். போத்தல் மூடியைத் திருகி, வில்லையை எடுத்து, சீலைக்கு மேலாகத் தெரிந்த வலது முழங்காலில் வைத்தாள். அது நிற்கவில்லை. வழுக்கிப் பெட்டிக்குள் விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தாள். மறுபடியும் விழுந்தது. அதற்குமேல் அவள் எடுக்கவில்லை.

"தூக்குங்கோ," என்றாள் சீவரத்தினத்திடம். "ஒருத்தரும் அமத்தக்கூடாது."

"ஓம் பிள்ளை. நான் பக்கத்திலையே போறன்."

பறை முழங்கியது. பெட்டி தோளேறியது. பெண்கள் படலைவரைதான் போகலாம். அவள் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருசமாக அந்தப் படலையைத் தாண்டாத முழங்கால்கள், தூக்கியவர்களின் தலைக்கு மேலே, சிவப்புச் சீலைக்குள் கூடாரம்போல நிமிர்ந்து, ஒழுங்கையால் ஆடி ஆடிப் போயின. பின்னால் சால்வையைச் சரிசெய்தபடி ஆழ்வாப்பிள்ளை போனார்.

அழுதுகொண்டிருந்த பெண்கள் கலைந்து கிணற்றடிக்குக் குளிக்கப் போனார்கள். அருமைநாயகி முற்றத்துக்குத் திரும்பி வந்தாள். மூடி அங்கேயே கிடந்தது. அதன்மேல் கோழி ஒன்று ஏறி நின்றது. அதைத் துரத்திவிட்டுக் குனிந்து வாசித்தாள்.

தம்பியின் முழுப்பெயர், அதற்குப் பின்னால் அவனுடைய பட்டங்கள், பல்கலைக்கழகத்தின் பெயர், 'அவர்களின் அருமை அன்னையார்', கடைசியில் 'உபயம்: ஆழ்வாப்பிள்ளை'.

அம்மாவின் பெயரை எழுத இடம் காணவில்லை.