ஒருத்திக்கு எவ்வளவு அரிசி

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் ஊர் உலகமெல்லாம் வந்து தலையை நனைக்கும். ஜெபமலர் மட்டும் துண்டு விற்பாள். பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு துண்டுக்கடையில் அவளுக்கு வேலை. வலது காதின் செவிப்பறையில் ஓட்டை. தண்ணீர் பட்டால் சீழ் வைத்துவிடும். பத்தொன்பது வயதாகியும் அருவிக்கு ஒருமுறைகூடத் தலையைக் கொடுத்ததில்லை. வலப்பக்கமிருந்து யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

தென்காசியில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள் அவள். அங்கே இருந்தவரை அரசாங்கக் காப்பீட்டில் அவள் பெயரும் இருந்தது. ஆபரேஷன் செய்துவிடலாம், ஆனால் முதலில் காது நன்றாகக் காயட்டும் என்றார் டாக்டர். காது காய்வதற்குள் பதினெட்டு முடிந்தது. இல்லத்தை விட்டு வெளியே வந்தாள். காப்பீட்டிலிருந்து பெயரும் வெளியே வந்தது. இப்போது காது காய்ந்திருக்கிறது, காப்பீடு இல்லை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்களே, அந்தக் கதைதான்.

புதிதாகக் காப்பீடு வேண்டுமானால் ரேஷன் கார்டு வேண்டும். ரேஷன் கார்டு வேண்டுமானால் குடும்பம் வேண்டும்.

"குடும்பத்துல யார் யாரு?" என்று இ-சேவை மையத்தில் கேட்டார்கள்.

"நான்தான்."

"சரிம்மா, ஒங்கூட?"

"அதான் சொல்லுதேன்லா, நான்தான்."

கம்ப்யூட்டரில் இருந்தவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டினார். "வீட்டுக்கு விசாரணைக்கு வருவாவ. தனியாச் சமைச்சுச் சாப்பிடுதியான்னு பாப்பாவ" என்று சொல்லி அனுப்பினார்.

அங்கேதான் இடித்தது. அவள் குடியிருந்தது வரிசையாக நாலு வீடுகள் கொண்ட ஒரு வளவில், கடைசி அறை. பகலில் கடையில் சாப்பாடு. இரவில் முன்வீட்டு சுல்தான் பீவி கூப்பிட்டு வைத்துப் போடுவாள். அவள் தையல்காரி, தெருவே அவளை லாத்தா என்றுதான் கூப்பிடும்.

"எங்க வீட்டுலதான் திங்கன்னு தெரிஞ்சா, தனிக் குடும்பமே இல்லைன்னு எழுதிருவாவ" என்றாள் லாத்தா. "அவிய வாரன்னைக்கு ஒன் அடுப்பு எரியணும், சோறு வெந்திருக்கணும். ஒனக்குச் சமைக்கத் தெரியும்லா?"

"என்ன லாத்தா இப்பிடிக் கேட்டுட்டிய? ஹோம்ல நான்லா கிச்சன் லீடரு!"

பொய்யில்லை. இல்லத்தில் எண்பது பேர். பெரிய அண்டாவில் சாம்பார் கொதிக்கையில் ஆவியை மோந்தே உப்பு போதுமா என்று சொல்லிவிடுவாள்.

விசாரணைக்கு வருகிறார்கள் என்று போன் வந்த அன்று கடைக்கு லீவு போட்டாள். லாத்தாவிடம் ஒரு பெரிய பாத்திரமும் வாங்கிக்கொண்டாள். இல்லத்தில் போடுவதில் பத்தில் ஒரு பங்குதான் அரிசி போட்டாள். ரொம்பச் சிக்கனம் என்று நினைப்பு. பருப்பு போட்டாள், அதற்குப் புளி குறைவாகப் பட்டது. புளி கரைத்தாள், அதற்குக் காய் குறைவாகப் பட்டது. சாம்பார் வளர்ந்துகொண்டே போனது.

விசாரணைக்கு வந்தவர் நம்பிராஜன் என்ற பெரியவர். குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஏம்மா, எத்தன பேரு இருக்கிய இங்கன?"

"நான் மட்டுந்தான் சார்."

"அப்ப மெஸ் நடத்துதியா?"

"ஐயோ, இல்ல சார்!"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் சங்கிலிப்பாண்டி, பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இவிய யாரு?"

"பக்கத்து வீடு சார். வாசனைக்கு வந்தோம்" என்றார் சங்கிலிப்பாண்டி.

நம்பிராஜன் பேனாவை மூடினார். அந்தப் பேனா போனால் கார்டு போச்சு. கார்டு போனால் காது போச்சு. ஜெபமலருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கோபமும் வந்தது.

"சார், எண்பது பேருக்கு எவ்வளவு அரிசின்னு கேளுங்க, சொல்லுதேன். நூறு பேருக்குக் கேளுங்க, அதையும் சொல்லுதேன். ஒருத்திக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது சார். பொறந்ததுல இருந்து ஒருத்திக்குன்னு யாரும் சமைச்சு நான் பாத்ததில்ல."

நம்பிராஜன் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து உள்ளங்கையை நீட்டி, "ஒரு சொட்டு விடு" என்றார். நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு சரியா இருக்கு. லஞ்சம்னு யாரும் சொல்லிராதிய" என்று குடையை எடுத்தார். வாசல் தாண்டியவர் திரும்பி நின்று, "ஒருத்திக்கு ஒரு ஆழாக்கு போதும்மா" என்றார்.

அன்றைக்கு வளவு முழுக்க அவள் சாப்பாடுதான். மறுநாள் சொன்னபடியே ஆழாக்கு அரிசி அளந்து போட்டாள். அது பானையின் அடியில் பரிதாபமாகக் கிடந்தது. பார்க்கச் சகிக்காமல் இன்னும் நாலு கை அள்ளிப் போட்டாள். சங்கிலிப்பாண்டி வீட்டில் அதற்குப் பிறகு சாம்பார் வைப்பதையே விட்டுவிட்டார்கள்.

கார்டு வந்தது. குடும்பத் தலைவி: ஜெபமலர். அதற்குக் கீழே யாரும் இல்லை. அதைக் காட்டிக் காட்டி வளவெல்லாம் சிரித்தாள். காப்பீடும் கிடைத்தது. ஐப்பசியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த சாரலுக்கு அருவியில் தலையைக் கொடுக்கலாம் என்றார் டாக்டர்.

வார்டில் கண் விழித்தபோது தலையைச் சுற்றிக் கட்டு. கட்டில் பக்கத்தில் லாத்தா தூக்குச்சட்டியோடு, சங்கிலிப்பாண்டி பெஞ்சாதி பிள்ளைகளோடு, நடுவீட்டுக்காரர்கள், துண்டுக்கடை முதலாளி, எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். நர்ஸ் வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"கார்டுல ஒரே ஒரு பேருதான் இருக்கு. இங்கன என்ன, ஊரே திரண்டு நிக்குது?"

சிரித்தால் காது வலிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் ஜெபமலர் சிரித்துவிட்டாள்.

"அளவு தப்பிப் போச்சுக்கா" என்றாள்.