கோபத்தின் விலாசம்

கஜலட்சுமி பத்து நாள் வாயைத் திறக்காமல் இருக்கப் போகிறாள் என்று கேட்டதும் அவள் புருஷன் வீரய்யாவுக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

"நீயா? பத்து நாளா?" என்று இருமிக்கொண்டே கேட்டார். "பத்து நிமிஷம் இருந்து காட்டு. அப்புறம் நானே பஸ் ஏத்தி விடுறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. மாநகர சபையில் முறைப்பாடு கேட்கிற கவுண்டரில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவள். வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் அவர் வந்த காரியம் இன்னதென்று இவளே சொல்லி, எந்த ஜன்னலுக்குப் போகவேண்டும் என்றும் சொல்லி அனுப்பிவிடுவாள். பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவள் முன்னால் யாரும் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் நெஞ்செரிச்சல் பொய்யில்லை. மூன்று வருஷமாக நெஞ்சுக்குழியில் அடுப்பு எரிகிறது. குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் பிடித்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். "மனசுல ஏதும்..." என்று டொக்டர் ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் "ஒண்ணுமில்ல சேர்" என்றாள்.

இருந்தது. எரிச்சல் எந்த நாளில் தொடங்கியது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெல்தெனியவில் தங்கச்சி அன்னலட்சுமி வீட்டில்தான் அம்மா இருந்தாள். கஜலட்சுமி கொழும்பில் பதவி உயர்வுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த காலையில் அம்மா போய்விட்டாள். முந்தின நாளே மூச்சு வாங்கியதாம். தங்கச்சி ஒரு போன் போடவில்லை. அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, "என் மடியில படுத்தபடியே போயிட்டாங்க" என்று அன்னலட்சுமி வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மடிதான் எரிச்சல். "அக்கா, நான் ஒண்ணு..." என்று தங்கச்சி கிட்டே வந்தபோது, செத்த வீடு என்றும் பாராமல் ஊர் கேட்க நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தவள்தான். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. பரீட்சையிலும் கோட்டை விட்டாள். அந்தப் பழியையும் தங்கச்சி தலையில்தான் போட்டாள்.

பக்கத்துக் கதிரைக்காரி குசுமாதான் மலைக்கு மேலே இருந்த அந்தப் பௌத்தத் தியான நிலையத்தைப் பற்றிச் சொன்னாள். கஜலட்சுமி பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். அம்மாவின் திதி, பத்து நாள் முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் வந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று, கட்டுக்கலைப் பிள்ளையாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அங்கே உடுக்கவேண்டிய வெள்ளைச் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

போனை வாங்கி அலுமாரியில் பூட்டினார்கள். பேசக்கூடாது, யார் முகத்தையும் பார்க்கக்கூடாது, பகல் பன்னிரண்டுக்கு மேல் சாப்பாடு கிடையாது. சப்பணமிட்டு உட்கார்ந்து மூச்சைப் பார்க்கவேண்டும். வலி வந்தால் விரட்டக்கூடாது. "ரிதெனவா, ரிதெனவா" என்று மனசுக்குள் சொல்லி அதையே பார்க்கவேண்டும். சிங்களத்தில் அதற்கு வலிக்கிறது என்று அர்த்தம்.

முதல் நாள் முழுக்க, அரசாங்கப் படிவம் நிரப்புகிற பவ்வியத்தோடு "ரிதெனவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முழங்கால் சட்டை பண்ணவில்லை. இரண்டாம் நாள் பொறுக்கமாட்டாமல் "வலிக்குது, வலிக்குது" என்று தமிழிலேயே சொல்லிப் பார்த்தாள். அப்போதும் உடனே போய்விடவில்லை. குத்தியது, கொதித்தது, தொடை வரைக்கும் ஏறி இறங்கியது. வேறு வேலை இல்லாததால் அவளும் கடைசி வரைக்கும் கேட்டாள். வந்த முறைப்பாட்டை முழுசாகச் சொல்லி முடித்த ஆள் மாதிரி வலி தானாகவே எழுந்து போனது. கஜலட்சுமிக்கு ஒரே ஆச்சரியம். இருபத்தாறு வருஷத்தில் இந்த வித்தை தெரியாமல் போய்விட்டதே என்று இருந்தது.

நாலாம் நாள் பிக்குவிடம் இரண்டு நிமிஷம் பேச அனுமதி கிடைத்தது. அவளைவிட வயது குறைந்தவர், மூக்கில் நிற்காத கண்ணாடி.

"முழங்கால் அடங்கிவிட்டது, ஹாமுதுருவே. கோபம் அடங்கவில்லை" என்று சிங்களத்தில் சொன்னாள்.

"கோபம் எங்கே இருக்கிறது?"

"தெல்தெனியவில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ரவிகுமாரின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல் மாடி." ரவிகுமார் தங்கச்சி புருஷன்.

பிக்கு சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. "அவ்வளவு தூரம் வேண்டாம் அம்மா. உங்கள் உடம்பில் எங்கே?"

 கஜலட்சுமியின் கை தானாக நெஞ்சுக்குழிக்குப் போயிற்று.

"அங்கே போய் உட்காருங்கள். சண்டை வேண்டாம், சமாதானமும் வேண்டாம். என்ன சொல்கிறதென்று மட்டும் கேளுங்கள்."

இரண்டு நாள் உட்கார்ந்தாள். எலுமிச்சம்பழம் அளவு சூடு இருந்தது. அதற்கு அடியில் வேறு எதுவோ இருப்பது போலவும் இருந்தது.  நெருங்கினால், அழுகையாக இருக்குமோ என்று பயந்து மூச்சுக்குத் திரும்பிவிடுவாள்.

ஏழாம் நாள் பகல். தினமும் ஒரு குடும்பம் வந்து, செத்துப்போனவர்கள் பேரில் சமைத்துத் தானம் கொடுக்கும். தியானத்துக்கு வந்தவர்கள் தலை குனிந்து தட்டை நீட்டிக்கொண்டே வரிசையில் போகவேண்டும். சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. அடுத்த பானையிலிருந்து வெல்லம் தூக்கலாகப் போட்ட பூசணிக்காய்ப் புளிக்குழம்பின் வாசம் வந்தது. அது அம்மாவின் குழம்பு. சட்டத்தை மறந்து நிமிர்ந்தாள்.

அகப்பையோடு அன்னலட்சுமி நின்றாள்.

நிலையத்துத் தானப் புத்தகத்தில் பஞ்சாங்கம் ஏது? அம்மா இறந்த இங்கிலீஷ் தேதியைச் சொல்லித் தங்கச்சி போன வருஷமே பதிந்து வைத்திருக்கிறாள். அக்கா திதியைப் பார்த்தாள், தங்கச்சி தேதியைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே வரிசையில் வந்து மாட்டிக்கொண்டார்கள்.

கஜலட்சுமி தட்டின் மேல் கையை வைத்து மூடினாள். அகப்பை அந்தரத்தில் நின்றது. அவள் நகர்ந்து போய்விட்டாள்.

வெறும் பருப்புச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. எரியுது, எரியுது. ஆறு நாள் பார்த்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. தட்டைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். பின்னால் காலடி கேட்டது.

"அக்கா, நீ பேசக்கூடாதாமே. வாசல்ல எழுதியிருக்கு." அன்னலட்சுமிதான். "இன்னைக்கு விட்டா எனக்கு வேற நாள் கெடைக்காது. கேட்டுக்க."

கஜலட்சுமி குழாயை மூடினாள்.

"அம்மா என் மடியில போகல. முந்தின நாள் மூச்சு வாங்கிச்சு, மருந்து குடுத்ததும் அடங்கிருச்சு. நீ எக்ஸாம் எழுதி முடிக்கட்டும், பெறகு சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். ராவெல்லாம் முழிச்சிருந்தேன் அக்கா. விடிஞ்சப்புறம் பக்கத்துல கதிரையிலயே கண்ணயர்ந்துட்டேன். முழிச்சுப் பாத்தா அம்மா போயிருந்தாங்க. பக்கத்துல இருந்தும் நான் பாக்கல. கேட்டவங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு, மடின்னு சொல்லிட்டேன். ஒங்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிரலாம்னு வந்தேன். நீ..."

நீ சொல்ல விடவில்லை என்பதை அவள் சொல்லவில்லை.

கஜலட்சுமியின் வாய் திறந்தது. 'அதுக்காக ஒரு போன் போட...' என்ற வார்த்தைகள் நெஞ்சிலிருந்து கிளம்பி நாக்கு வரைக்கும் வருவதை, வலியைப் பார்த்த மாதிரியே பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். எரிச்சல் மேலே ஏறித் தொண்டைக்கு வந்து கண்ணுக்கு வந்தது. இந்தத் தடவை அவள் மூச்சுக்கு ஓடவில்லை. நடக்காத ஒரு மடிக்காக மூன்று வருஷம் வெந்திருக்கிறாள். அம்மாவைக் கடைசியில் யாருமே பார்க்கவில்லை. அதையும் வைத்துக்கொண்டு இந்தப் பெண் மூன்று வருஷம் தனியாக இருந்திருக்கிறாள். பாவம், என் தங்கச்சி என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததும் அழுகை நிற்கவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. கஜலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், அதே முந்தானையால் தட்டையும் துடைத்தாள். நேரே தான மேசைக்குப் போய், மூடி வைத்திருந்த குழம்புப் பானையின் முன்னால் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாம் தடவை வாங்கும் வழக்கம் அங்கே இல்லை. சாப்பாட்டு நேரம் முடிந்ததற்கு மணி அடிக்கிற நிலையத்துப் பெண் ஏதோ சொல்ல வந்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஓடிவந்த அன்னலட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு அகப்பை ஊற்றினாள், இரண்டு ஊற்றினாள். மூன்றாவதற்கும் கஜலட்சுமி தட்டை எடுக்கவில்லை.

உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள். வெல்லம் சரி, புளி சரி. உப்புத்தான் போதாது, அன்னலட்சுமி கைக்கு என்றைக்குமே உப்பு மட்டு. நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல இன்னும் மூன்று நாள் இருந்தது. உப்பில்லை, உப்பில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, மணி அடிப்பதற்குள் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள்.