கூடுதலாய் ஒரு துளை

விடிவதற்கு முன்பே மாணிக்கம்மாள் வீட்டுக் கொல்லையில் எண்ணெய் காய்ந்துவிட்டது. நிலக்கரிக் கட்டிகள் சாம்பல் பூத்து எரிந்தன. நான்கு பெண்கள் குந்தி உட்கார்ந்து, மாவை முறுக்கு அச்சில் திணித்து, இரு கைகளாலும் அழுத்திப் பிழிந்தார்கள். தோள்பட்டையில் தொடங்கும் வலி முழங்கைவரை இறங்கி அங்கேயே தங்கிவிடும். எண்ணெயின் ஆவி முகத்தில் அடித்தது. தூரத்தில் சுரங்கத்துச் சங்கு ஊதியது. முதல் ஷிப்டுக்கான பஸ்கள் முத்தாண்டிக்குப்பம் சாலையில் இரைந்து சென்றன.

அரை டின் நிறைவதற்குள் மாவு தீர்ந்தது. போன மாதம் இதே நேரத்துக்கு மூன்றாவது டின்னுக்கு மூடி போட்டிருப்பார்கள். நால்வரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அன்றைய வேலை முடிந்துவிட்டது என்றாகிவிடும்.

தனகோட்டி சைக்கிளை நிறுத்தினார். கடலை உருண்டை போடுகிறவர். டவுன்ஷிப்பில் சக்கரபாணிக்கு நான்கு கடைகள். ஊரில் பதினாறு வீடுகள் அந்தக் கடைகளுக்குத் தின்பண்டம் செய்து கொடுத்தன. வாராவாரம் ஆர்டரை வாங்கிவந்து வீடு வீடாகச் சொல்வது தனகோட்டியின் பொறுப்பு.

"என்னாண்ணே, பாத்துகினே நிக்கிற? இந்த வாரமும் கொறச்சல்தானா?" என்றாள் மாணிக்கம்மாள்.

"இந்த வாரம் சுத்தமா இல்லம்மா."

"என் முறுக்கு கசக்குதா?"

 தனகோட்டி சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "உன் ஆர்டரு செங்கமலத்துக்குப் போயிருக்குது."

செங்கமலம் அடுத்த தெருவில் முறுக்கு சுடுகிறவள். மூன்று வாரமாக அவள் இந்தப் பக்கமே வராதது ஏன் என்று இப்போது மாணிக்கம்மாளுக்குப் புரிந்தது.

பதினோரு ஆண்டுகளாக ஆர்டர் துண்டுச் சீட்டில்தான் வந்தது. போன மாதக் கடைசியில்தான் சக்கரபாணி கம்ப்யூட்டர் முறைக்கு மாறினார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர், வாரத்துக்கு ஒரு கெட்டி அட்டை. அட்டையில் சின்னச் சின்னத் துளைகள்; மெஷின் படிப்பது அவற்றைத்தான். சனிக்கிழமை சரக்கோடு அட்டையைத் திருப்பித் தர வேண்டும். அது கடலூரில் மெஷின் இருக்கும் இடத்துக்குப் போய், அடுத்த வார ஆர்டராக அச்சடித்து வரும்.

அன்று காலையே மாணிக்கம்மாளும் தனகோட்டியும் கடைக்குப் போனார்கள். சக்கரபாணி ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"சரக்கு சரியில்லன்னு மூணு வாரமா பிரிண்ட் வருதும்மா. நான் என்ன பண்றது? மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது."

"நீங்க ஒரு முறுக்கு தின்னு பாத்தீங்களா மொதலாளி?"

"அதுக்கெல்லாம் நேரம் இருந்தா மெஷின் எதுக்கு? கருணாகரன்கிட்ட விடுங்க. அட்டை, ஆர்டர் எல்லாம் அவர் பார்த்துப்பார். ரூபாய்க்குப் பத்து பைசா கமிஷன்தான்."

"மெஷினுக்கு மச்சான் இல்லீங்க," என்றார் தனகோட்டி. "உங்களுக்கு இருக்கிறாரு. கருணாகரன்."

சக்கரபாணி ஊதுவத்தியை ஆட்டி அணைத்தார்.

உள்ளே மேசையில் உட்கார்ந்திருந்த புஷ்பவல்லி எழுந்தாள். கடைக் கணக்கெழுதும் பெண். அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட், ஊர் மதுரைப் பக்கம். திரும்பி வந்த அட்டைகள் அவள் வசம்தான் இருந்தன. மாணிக்கம்மாளின் மூன்று அட்டைகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, இந்த அட்டைகளை வீட்டில் எங்கே வெப்பீங்க?"

"எங்க வெப்பாங்க? சீட்டு குத்துற கம்பியிலதான்."

புஷ்பவல்லி அட்டையைத் திருப்பிக் காட்டினாள். சதுரத் துளைகளுக்கு நடுவே வட்டமாய் ஒன்று, ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு. "இந்த இடத்தில் துளை இருந்தா 'சரக்கு மோசம்'னு மெஷின் படிக்கும்."

 மாணிக்கம்மாள் தன் கைகளைப் பார்த்தாள். பதினோரு ஆண்டுகள் ஒரு சீட்டுகூடத் தொலையாமல் காத்த கை. பத்திரப்படுத்தியதே குற்றமாகிவிட்டது.  

"அப்போ தப்பு உங்களுதுதானே," என்றார் சக்கரபாணி.

"ஆமாங்க. என் தப்புதான். கம்பியில குத்தக்கூடாதுன்னு யாரு சொன்னாங்க? இப்ப தெரிஞ்சிபோச்சு இல்ல, ஆர்டரத் திருப்பிக் குடுங்க."

"கருணாகரன் மூலமா வாங்க, பார்க்கலாம்."

மறுநாள் பிற்பகல் பதினாறு வீட்டாரும் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் கூடினார்கள். புஷ்பவல்லியும் பஸ் பிடித்து வந்திருந்தாள். செங்கமலம் கடைசி வரிசையில், முந்தானையால் வாய் மூடி உட்கார்ந்திருந்தாள்.

"அட்டையே வாணாம், பழைய சீட்டே போதும்னு சொல்லுவோம்," என்றார் தனகோட்டி.

"சீட்டு இனி வராதுண்ணே," என்றாள் மாணிக்கம்மாள். "மெஷினு நம்மகிட்ட என்னா வம்பு பண்ணுச்சு? ஓட்டையப் பாத்துச்சு, சொல்லிச்சு. அது யாரு கையில இருக்குதுங்கறதுதான் பேச்சு."

சொந்தமாக மெஷின் வாங்குவதா என்று ஒருவர் கேட்டார். "பதினாறு வூட்டயும் வித்தா மெஷினோட ஒரு சக்கரம்தான் வரும்," என்று இன்னொருவர் சொல்ல, இறுக்கத்துக்கு நடுவே சிரிப்பு எழுந்தது.

புஷ்பவல்லி சொன்னாள்: "கடலூரில் மணிக்கு வாடகைக்கு அட்டையில் துளை போட்டுத் தர்ற இடம் வேற ஒண்ணு இருக்கு. பதினாறு அட்டைக்கும் அரை மணி போதும், கருணாகரன் தேவையில்லை. உங்களில் எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் வாராவாரம் போய் வரணும். பஸ் காசும் சேர்த்து, வீட்டுக்கு மாசம் ஒரு கிலோ முறுக்கு விலைகூட ஆகாது. அட்டை சரியா இருக்கான்னு பார்க்க நான் சொல்லித் தர்றேன்."

"உன் வேல போயிடுமேம்மா?" என்று கேட்டாள் மாணிக்கம்மாள்.

 புஷ்பவல்லி மடியில் விழுந்த வேப்பம்பழத்தை எடுத்துப் போட்டாள். "போனா போகட்டும்," என்றாள். 

முடிவு இதுதான்: நாம் போடும் அட்டையை முதலாளி ஏற்க வேண்டும். மாணிக்கம்மாளின் ஆர்டரைத் திருப்பித் தர வேண்டும். அதுவரை எந்தக் கடைக்கும் சரக்கு இல்லை. தனகோட்டி ஒவ்வொருவராய்க் கேட்டார். கைகள் உயர்ந்தன. செங்கமலத்தின் கை உயரவில்லை. தாழவும் இல்லை; முந்தானையைப் பிடித்தபடி வாயருகே நின்றது. அவள் வீட்டில் புதிதாய் இரண்டு பெண்கள் கூலிக்கு வந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அவளை வற்புறுத்தவில்லை.

சனிக்கிழமை காலை கடையின் இரும்புக் கதவை மேலே தள்ளிய சக்கரபாணி, வாசலில் பதினைந்து பேரைப் பார்த்தார். ஒருவர் கையிலும் டின் இல்லை.

"சரக்கு எங்கே?"

 அவர் சாலையை எட்டிப் பார்த்தார். "செங்கமலம் கொண்டுவருவா. நாலு கடைக்கும் அவ ஒருத்தி போதும்."

செங்கமலம் வந்தாள். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு இரைத்தது. இடுப்பில் கூடை இல்லை, தலையில் சும்மாடு இல்லை. கையில் அட்டை மட்டும். மாணிக்கம்மாளை அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"மொதலாளி, என் ஆர்டரோட இவங்க ஆர்டரும் ஏறிகினு இருக்குது. அத எடுத்துட்டு அட்ட குடுங்க. அப்பறம் சுடறேன்."

சக்கரபாணி உள்ளே போய் டெலிபோனைச் சுற்றினார். லைன் கிடைக்கவில்லை போலும், மறுபடியும் சுற்றினார். ஊர்ப்பக்கம் போகும் பஸ் வந்து நின்றது. அதை விட்டால் அடுத்தது பதினொரு மணிக்குத்தான். கண்டக்டர் தலையை நீட்டி, "ஏறுறீங்களா இல்லியா?" என்று கத்தினார்.

மாணிக்கம்மாள் நகர்ந்து, செங்கமலத்துக்கு நிழலில் இடம் விட்டாள். பஸ் ஒருவரையும் ஏற்றாமல் போயிற்று.